பயம் காட்டும் சபையை விட்டு வெளியே வருவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு

சபைக்குப் போக மனமில்லை, போகாமல் இருக்கவும் பயம். இந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. எல்லாச் சபைகளையும் ஒரே தராசில் போடவில்லை. யுத்த காலத்திலும் 2004 சுனாமிக்குப் பிறகும் எத்தனையோ கொட்டில்களுக்கு அரிசியோடும் ஜெபத்தோடும் வந்த பாஸ்டர்மார் உண்டு என்பது மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எல்லோருக்கும் தெரியும். இங்கே பேசுவது வேறு வகைச் சபையைப் பற்றி. வேதத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் பாஸ்டர் சொல்வதுதான் அர்த்தம், வெளியே இருப்பவர் அத்தனை பேருக்கும் நரகம், கேள்வி கேட்டால் உனக்குள் பிசாசு என்று நடக்கிற சபை. அங்கிருந்து வெளியே வருவதற்கு அவசரம் உதவாது, ஒழுங்கு உதவும்.

எதை விடுகிறீர்கள் என்று முதலில் பிரியுங்கள்

ஒரு கொப்பித்தாளில் நாலு பெயர் எழுதுங்கள்: கடவுள், இயேசு, சபை, பாஸ்டர். ஒவ்வொன்றுக்கும் கீழே, அதனால் உங்களுக்குக் கிடைத்தது என்ன, பட்ட காயம் என்ன என்று எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் எடுத்தாலும் பரவாயில்லை. எழுதிப் பார்த்தால் பலருக்கும் ஒன்று தெரியவரும்: காயமெல்லாம் கடைசி இரண்டின் கீழேதான் குவிந்து கிடக்கும். இதைச் செய்யாமல் நாலையும் ஒரே நாளில் அறுத்தெறிகிறவர்கள் ஒரு மாதத்தில் வெறுமை தாங்காமல் பழைய இடத்துக்கே ஓடுகிறார்கள், அல்லது அதே கெடுபிடி உள்ள இன்னொரு கூட்டத்தில் போய் விழுகிறார்கள். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதை முதல் வருடத்தில் முடிவு செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தக் கேள்வி காத்திருக்கும்.

உரிமையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால்: இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. தான் விரும்பிய மதத்தை வைத்திருப்பதும் தழுவுவதும் அதில் அடக்கம். தேசிய அடையாள அட்டையில் சமயம் என்று ஒரு கட்டமே கிடையாது. விலகுவதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

வாய் திறப்பதற்கு முன் கணக்கைப் பாருங்கள்

விலகப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லாத காலம்தான் உங்களுக்குப் பலமான காலம். நாலு முதல் ஆறு கிழமை எடுத்துக்கொண்டு பின்வருவனவற்றை முடியுங்கள்.

சபையில் யாருக்குக் கடன், யாரோடு சீட்டு, சீட்டில் இன்னும் எத்தனை கட்டு மிச்சம் என்று எழுதுங்கள். சீட்டு முடியுமுன் சண்டை போட்டு வெளியேறினால் காசு நிற்கும். கட்டட நிதிக்கென்று மாதாந்தம் வாக்குக் கொடுத்திருந்தால் அது சட்டக் கடன் அல்ல, நிறுத்தலாம். ஆனால் காணியை உறுதி எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. நன்கொடை உறுதியை நினைத்த நேரத்தில் ரத்துச் செய்ய முடியாது. அதைப் பற்றி சட்டத்தரணியிடம் கேட்ட பிறகே பாஸ்டரிடம் பேச்சை எடுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எதுவும் சபை அலுவலகத்தில் கிடந்தால் ஏதாவது ஒரு விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கி வையுங்கள். தராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். சபையில் நடந்த கல்யாணம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு இருந்தால் சபையை விடுவதால் திருமணத்துக்கு ஒன்றும் ஆகாது. சில தம்பதிகளுக்கு ஆசீர்வாத ஜெபமும் போட்டோவும் மட்டும்தான் இருக்கும். அவர்கள் விவாகப் பதிவாளரிடம் போவது நல்லது.

சபை நடத்தும் பாலர் பாடசாலையிலோ வேறு திட்டத்திலோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் முதலில் வேறு வருமானம் பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பக்கத்தில் 12 வீதமும் போயிருக்க வேண்டும். "ஊழியம்" என்று பெயர் வைத்து அதைக் கட்டாமல் விட்ட இடங்கள் உண்டு. பிள்ளைக்கு சபை மூலமாக வெளிநாட்டு ஆதரவாளர் உதவி வருகிறதென்றால், அது நின்றால் டியூஷன் காசுக்கும் கொப்பிக்கும் என்ன வழி என்று இப்போதே யோசியுங்கள்.

கடைசியாக, சபை உங்களுக்குச் செய்த காரியங்களை யார் செய்வது? ஆஸ்பத்திரியில் கிடந்தால் பார்க்க வருவது, செத்த வீட்டில் பாய் விரிப்பது, அவசரத்துக்கு ஐயாயிரம் தருவது. ஊரில் மரண உதவிச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஏதாவது ஒன்றில் பெயரைப் பதிந்து சந்தா கட்டத் தொடங்குங்கள். விசுவாசம் குறைந்ததால் திரும்பிப் போனவர்களைவிட, காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கஞ்சி வைத்துத் தர ஆள் இல்லாமல் திரும்பிப் போனவர்கள் அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

மருந்து

இதற்கு ஆறு கிழமை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே. "சுகமாயிற்று என்று அறிக்கையிடு" என்று சொல்லி இன்சுலின், பிரஷர், வலிப்பு, மனநோய் மருந்துகளை நிறுத்த வைத்திருந்தால், உடனே கிளினிக்குக்குப் போய் நிறுத்திய திகதியைச் சொல்லுங்கள். பழைய அளவை நீங்களாகவே மீண்டும் தொடங்காதீர்கள். வலிப்பு மருந்தை டொக்டர் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கலாம். காசநோய் மருந்து வழக்கமாக 6 மாதம். இடையில் விட்டவர் மிச்சக் குளிசையை விழுங்கினால் கிருமி மருந்துக்கு அசையாததாக மாறும் ஆபத்து உண்டு. வெட்கப்படாதீர்கள், தாதிமார் இந்தக் கதையை நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

குறைத்துக்கொண்டு வருதல்

முதலில் பொறுப்புகளை விடுங்கள், வருகையைப் பிறகு விடலாம். சபைச் சாவி, பாட்டுக்குழு, ஞாயிறு பாடசாலை வகுப்பு, காணிக்கை எண்ணும் வேலை. இவை உங்கள் கையில் இருக்கும் வரை சனி இரவே போன் அடிக்கும். பிறகு உங்கள் வீட்டில் நடக்கும் வீட்டுக்கூட்டத்தை நிறுத்துங்கள். வீடு திருத்த வேலை, பிள்ளைக்குப் பரீட்சை என்று காரணம் சொன்னால் போதும், பொய்யாக இருக்கத் தேவையில்லை. அடுத்தது உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும். ஞாயிறு ஆராதனை கடைசி. வட்ஸ்அப் குழுவை முதலில் ஒலி நிறுத்தி வையுங்கள். வெளியேறினால் உங்கள் பெயர் குழுவில் விழும், அன்றே வீட்டுக்கு ஆள் வரும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. அடி, பாலியல் தொல்லை, பிசாசு துரத்துகிறோம் என்று கட்டிவைத்தல், பிள்ளைகளைப் பட்டினி போடுதல் நடந்தால் படிப்படி என்ற பேச்சே இல்லை, அன்றைக்கே வெளியே. பிள்ளைகள் விடயத்தில் 1929, பெண்கள் விடயத்தில் 1938, உடனடி ஆபத்துக்குப் பொலிஸ் 119.

பாஸ்டர் வீட்டுக்கு வரும் நாள்

வருவார்கள். மூன்று நாலு பேராக, பெரும்பாலும் பின்னேரம், கையில் எண்ணெய்க் குப்பியோடு. சபையில் உங்களுக்கு மிகவும் பிடித்த அக்கா ஒருவரும் கூட வருவார். அவரைப் பார்த்ததும்தான் மனம் இளகும். இதற்கு இரண்டு வாக்கியத்தை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்:

"ஐயா, நான் இனிச் சபைக்கு வரமாட்டன், யோசிச்சுத்தான் முடிவெடுத்தன். ஜெபம் வேணாம், பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் மீண்டும் அதையே சொல்லுங்கள். காரணம் சொன்னால் அது விவாதமாகும், விவாதத்தில் வசனம் தேடி எடுப்பதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். தலையில் கை வைக்க வந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுங்கள், கேத்தலை அடுப்பில் வையுங்கள். வீட்டில் உங்கள் பக்கம் ஒருவரை, அயலவர் ஆனாலும் சரி, உட்கார வைப்பது நல்லது. தனியாகச் சந்திக்க சபைக்கு அழைத்தால் போக வேண்டாம்.

பிறகு மேடையில் பெயர் சொல்லாமல் உங்களைப் பற்றிப் பிரசங்கம் வரும். "பின்மாற்றத்தில் போனவர்" என்பார்கள், உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காரணம் கண்டுபிடிப்பார்கள். பதில் எழுதாதீர்கள். உங்கள் சாட்சி வீடியோ பேஸ்புக்கில் இருந்தால் எடுக்கும்படி ஒரு தடவை எழுத்தில் கேளுங்கள், அந்தச் செய்தியைப் படமெடுத்து வையுங்கள்.

இன்னொரு பக்கமும் கவனம் வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் சின்னப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்தத் துக்கம் இந்த ஊர்ச் சபைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. சபையை விடுவது இறந்தவர்களுக்குத் துரோகம் என்று உங்களுக்கே தோன்றலாம். துரோகம் அல்ல. அதே நேரம், உங்கள் கதையை வைத்து எல்லாக் கிறிஸ்தவர்களையும் அடிக்கக் காத்திருப்போரும் உண்டு. மேடை போட்டு மாலை போடுகிறோம், தாய்ச்சமயம் திரும்பினேன் என்று பேசுங்கள் என்று வருகிறவர்களுக்கும் அதே பிளேன்டீதான்.

வீட்டுக்குள்

துணை இன்னும் விசுவாசியாக இருந்தால், இரண்டு விடயத்துக்கு மட்டும் இணக்கம் காணுங்கள்: காசு, பிள்ளைகள். தசமபாகம் மொத்த வருமானத்தில் பத்தில் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தால், அவருடைய பங்கிலிருந்து மட்டும் ஒரு நிலையான தொகை என்று பேசுங்கள். வசனம் கேட்டால் உபாகமம் 14:28, 29ஐக் காட்டலாம். மூன்றாம் வருடத் தசமபாகத்தை லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10ஐ மனப்பாடமாகச் சொல்கிற பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

நம் பகுதியில் வீடு சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்படுவது வழக்கம். பெண் விலகினால் அது அவருக்குப் பெரிய பலம். ஆண் விலகி, மனைவி பக்கத்தார் முழுக்கச் சபையில் இருந்தால் அவர் நிற்பது மாமியார் வளவில் என்பதை மறக்கக் கூடாது. அவர் சத்தம் போடாமல், ஞாயிறு காலையில் தோட்டத்தையோ கடலையோ பார்த்துப் போய்விட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து சேர்வது புத்தி.

இரவில் வரும் பயம்

வெளியே வருவதில் கடினமான பகுதி இதுதான். பாஸ்டரின் குரல் காதில் இருந்து போக ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம். அறிவுக்கு விளங்கிய பிறகும் உடம்பு பயப்படும். அதை விசுவாசக் குறைவாகவோ ஆவியின் எச்சரிப்பாகவோ எடுக்க வேண்டாம், பழக்கம் அது.

இரகசிய வருகைப் பயம், அதாவது இயேசு இரகசியமாக வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற பயம். பின்னேரம் நித்திரை விட்டு எழும்புகிறீர்கள், வீட்டில் யாரும் இல்லை, போன் எடுக்கிறார்கள் இல்லை, "எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் மட்டும் மிச்சம்" என்று வயிறு கலங்குகிறது. அந்த நேரம் வாசலுக்கு வந்து அயலில் தெரிகிற ஐந்து பொருளைப் பெயர் சொல்லுங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். மூச்சு விடும் நேரம் நீண்டால் இதயத்துடிப்பு இறங்கும். பயம் அடங்கிய பிறகு வரலாற்றைப் படியுங்கள். சபை சொல்லும் வடிவில் அந்தப் போதனை, 1830களில் ஜோன் நெல்சன் டார்பி என்பவர் பரப்பியது. 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்ட் குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டு போனது. கிறிஸ்து மீண்டும் வருவார் என்பது பழைய விசுவாசப் பிரமாணங்களில் உண்டு. விசுவாசிகள் மட்டும் இரகசியமாக மறைந்துபோவார்கள் என்பது அவற்றில் இல்லை. திகதி சொன்னவர்களின் கதையும் தெரியும்: 1844 ஒக்டோபர் 22 என்றார்கள், 1948இல் இஸ்ரேல் உருவானதோடு 40 வருடம் கூட்டி 1988 என்றார்கள், 2011 மே 21 என்றார்கள்.

நரகப் பயம். சுவிசேஷங்களில் பழைய தமிழ் வேதாகமம் "நரகம்" என்று சொல்லும் பல இடங்களில் மூலத்தில் இருப்பது கெகன்னா, எருசலேமுக்கு வெளியே இருந்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். முடிவில்லாத சித்திரவதை என்பதைக் கிறிஸ்தவர் எல்லோரும் எப்போதும் நம்பியதும் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, கடைசியில் எல்லா உயிரும் கடவுளிடம் திரும்பும் என்று எதிர்பார்த்தார், அவரைத் திருச்சபை இன்றும் புனிதர் என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் நினிவேயின் ஈசாக்கு என்ற துறவி, பறவைக்கும் மிருகத்துக்கும் பிசாசுக்கும்கூட உருகி அழுவதே இரக்கமுள்ள இதயம் என்று எழுதினார். இவர்களை ஏற்க வேண்டும் என்றில்லை. நீங்கள் கேட்டு வளர்ந்தது பல குரல்களில் ஒன்று என்று தெரிந்தால் போதும்.

மன்னிக்கப்படாத பாவம், அதாவது பரிசுத்த ஆவிக்கு எதிரான தூஷணம், செய்துவிட்டேனோ என்ற பயம். மத்தேயு 12ஐ முழுதாக வாசியுங்கள். நோயாளி சுகமாவதைக் கண்ணால் கண்டும் அது பிசாசின் வேலை என்று சொன்னவர்களுக்கு, அதிகாரத்தில் இருந்த மதவாதிகளுக்குச் சொன்ன வார்த்தை அது. அழுது கொண்டு படுத்திருக்கிற உங்களுக்குச் சொன்னது அல்ல.

அமுக்குவான். நடு இரவில் விழிப்பு வருகிறது, கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி இருப்பதுபோல, மூலையில் கறுப்பாக ஒரு உருவம். சபையை விட்ட பிறகு இது வந்தால், சொன்னபடி பிசாசு பிடித்துவிட்டது என்றே மனம் முடிவெடுக்கும். கனவு காணும் நித்திரையில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். மூளை கொஞ்சம் முந்தி விழித்துவிட்டால் உடம்பு அசையாது, கனவும் கண்முன் தொடரும். வைத்தியர்கள் இதை நித்திரை வாதம் என்பார்கள். சில விநாடியில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் விலகும். மல்லாந்து படுத்தால் கூடும், நித்திரை முறிந்தால் கூடும். வருடக்கணக்காக முழு இரவு ஜெபத்துக்குப் போனவர்களின் நித்திரை ஒழுங்கு கெட்டிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சரிந்து படுங்கள், ஒரே நேரத்துக்குப் படுங்கள். வந்துவிட்டால் முழு உடம்பையும் உதற முயலாமல் ஒரு கால் பெருவிரலை மட்டும் ஆட்டப் பாருங்கள்.

கைகழுவுவதுபோல ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மூன்று கிழமைக்கு மேல் நித்திரையோ பசியோ இல்லை, செத்தால் நல்லது என்று தோன்றுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வைத்தியம் தேவைப்படும் நிலை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. ஆதார வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் பிரிவில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள், காசு இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இரவிலும் எடுக்கும்.

வேதப் புத்தகத்தை என்ன செய்வது

எரிக்கவும் வேண்டாம், பயத்தில் தினம் திறக்கவும் வேண்டாம். மூன்று மாதம் அலுமாரியில் வையுங்கள். திரும்ப எடுக்க மனம் வந்தால் வேறு மொழிபெயர்ப்பில் எடுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் ஓசையே சிலருக்கு நெஞ்சைப் படபடக்க வைக்கும். கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கத்தோலிக்கப் புத்தகக் கடைகளில் கிடைக்கும். வெளிப்படுத்தலில் தொடங்காதீர்கள். லூக்கா 10, 15ஆம் அதிகாரங்களில் தொடங்குங்கள். சமாரியன் கதையில் காயப்பட்டவனைக் கண்டு விலகிப் போனவர்கள் யார், நின்றவன் யார் என்று பாருங்கள். "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்பது 1 யோவான் 4:18. பயத்தை வைத்து நடத்தும் எந்தப் பிரசங்கத்தையும் இந்த ஒரு வசனத்தில் உரசிப் பார்க்கலாம்.

முறிந்த உறவுகள்

புதிய வழியைத் தேட முன் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் இதுவே பாதி வழி. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க மறுத்திருப்பீர்கள், தங்கச்சி கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே நின்றிருப்பீர்கள், அம்மம்மாவின் சாமிப் படத்தைக் குப்பையில் போட்டிருப்பீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் போங்கள். வெறுங்கையோடு போகாமல் வாழைப்பழமோ பிஸ்கட்டோ கொண்டு போங்கள். குறிப்பிட்ட அந்தக் காரியத்தைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். சபை சொன்னபடியால் செய்தேன் என்று விளக்கத் தொடங்கினால் மன்னிப்பு வழக்காக மாறிவிடும். சிலர் கதவைத் திறக்க மாட்டார்கள். ஆறு மாதம் விட்டு இன்னொரு தடவை போகலாம்.

தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை ஒரு நல்ல வாய்ப்பு. அன்றுதான் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். சகோதரங்கள் போகும்போது கூடப் போய்க் கரையில் நின்றாலே போதும், குளத்தில் இறங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

படையல் சாப்பாடு இன்னொரு தடை. கோயில் பொங்கலை, முஸ்லிம் அயலவரின் நோன்புக் கஞ்சியை, வருடக்கணக்காக "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிய கை சட்டென்று நீளாது. பவுலே 1 கொரிந்தியர் 8இல், சாப்பிடுவதால் மேன்மையும் இல்லை, சாப்பிடாததால் குறைவும் இல்லை என்கிறார். முதல் தடவை ஒரு வாய். வயிற்றைப் பிரட்டினால் அது பயம், விஷம் அல்ல. வாங்கி வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் அயலவர் முகம் மலரும்.

புதிய இடம், புதிய பழக்கம்

முதல் மூன்று மாதம் எங்கும் சேராதீர்கள். வீட்டில் ஒரு பழக்கம் போதும். காலையில் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், கேட்பதும் வேண்டாம், கட்டளையிடுவதும் வேண்டாம். மாதத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி இருபதில் நிறுத்துங்கள். சத்தமான ஆராதனைக்குப் பழகியவர்களுக்கு மௌனம் முதலில் வெறுமையாகவே இருக்கும், பாவ எண்ணங்கள் வரிசை கட்டி வரும். அப்போது கண்ணைத் திறந்து ஒரு விளக்கையோ மரத்தையோ பாருங்கள். இரவுக்கு, கத்தோலிக்கப் புனிதர் இலொயோலா இக்னேசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த மன ஆய்வு நல்லது: அன்றைய நாளில் நன்றி சொல்ல எது இருந்தது, மனம் எங்கே உயிர்பெற்றது, எங்கே வாடியது, நாளைக்கு என்ன வேண்டும். பத்து நிமிடம். குற்றங்களை எண்ணும் பகுதியும் அதில் உண்டு. குற்ற உணர்விலேயே வளர்க்கப்பட்டவர்கள் முதல் அரை வருடம் அதை விட்டுவிட வேண்டும்.

பிறகு போய்ப் பார்க்கலாம். கிறிஸ்துவோடு இருக்க விரும்புகிறவர்களுக்கு மெதடிஸ்த திருச்சபை 1814 முதல் மட்டக்களப்பில் இருக்கிறது. கத்தோலிக்கம், அங்கிலிக்கன் ஆலயங்களும் உண்டு. ஆராதனை அச்சிட்ட ஒழுங்கில் நடக்கும், யாரும் உங்களை முன்னால் அழைக்க மாட்டார்கள், பின் வாங்கில் இருந்துவிட்டு எழுந்து வரலாம். கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும், அந்நேரம் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் பெயரை நம்பி ஏமாற வேண்டாம், இவற்றுக்குள்ளும் பழைய சபையின் சாயலில் கைதட்டி அந்நியபாஷை பேசும் கூட்டங்கள் உண்டு.

சைவத்துக்குத் திரும்புகிறவர்களுக்குச் சடங்கு எதுவும் தேவையில்லை, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போவதுதான். குடிமுறை (தாய்வழிக் குடிகள் கோயில் உரிமையைப் பங்கிடும் முறை) உள்ள கோயிலில் உங்கள் குடிக்குரிய உபயம், திருவிழாப் பங்கு பற்றிக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் கேளுங்கள். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் போன்ற ஊர்க் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு அழகானது. அம்மனின் கோபத்தைக் குளிர்விப்பதுதான் அங்கே குளிர்த்தி. ஆனால் முதல் வருகைக்கு அது உகந்த நாள் அல்ல. உடுக்கைச் சத்தமும் தெய்வம் ஆடுவோரும், பிசாசு துரத்தும் கூட்டங்களில் பயந்தவர்களின் பழைய நடுக்கத்தை ஒரு நொடியில் எழுப்பிவிடும். சாதாரண வெள்ளி பின்னேரம் ஒன்றில் போங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாதவர்களுக்குக் கல்லடி இராமகிருஷ்ண மிஷன் அமைதியான இடம். காரைதீவில் 1892இல் பிறந்து, கிறிஸ்தவப் பாடசாலைகளில் படித்து, பின்னர் அந்த மிஷனில் துறவியான சுவாமி விபுலானந்தரின் சமாதியும் கல்லடியில்தான்.

எங்கே போனாலும் சேர முன் சில கேள்விகள் கேளுங்கள். வரவு செலவுக் கணக்கை உறுப்பினருக்கு வருடா வருடம் காட்டுகிறார்களா? தலைவரை நீக்க யாருக்கு அதிகாரம்? விட்டுப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களா? காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்கள் பற்றி அங்கே என்ன பேச்சு? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பெரும்பாலும் மற்ற நாலுக்கும் பதில். இரண்டு கேள்விக்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

கோயிலோ ஆலயமோ எதுவும் வேண்டாம் என்பவர்கள் மார்கழி மழைக்கு இடம்பெயர்ந்தவர்களுக்குச் சமைக்கும் குழுவில் தேங்காய் துருவப் போகலாம். நோட்டீஸ் கொடுக்காமல், ஜெபிக்காமல், பெயர் கேட்காமல் சோறு கொடுப்பது, எத்தனை பேரைச் சபைக்குள் கொண்டுவந்தோம் என்று "ஆத்துமா ஆதாயம்" கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புது அனுபவம்.

இரண்டு கடுதாசி வேலை

அடக்கம். சபைச் சேமக்காலையில் இனி இடமில்லை என்று சொல்லலாம். பிரதேச சபை அல்லது மாநகர சபை மயானத்தில் என்ன நடைமுறை என்று இப்போதே கேளுங்கள். புதைப்பதா எரிப்பதா, யார் முன்னின்று செய்வது, பாஸ்டர் பேசலாமா கூடாதா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். எழுதாவிட்டால் பந்தலில் இரண்டு பக்கமும் இழுபறிப்படும்.

பிள்ளையின் சமயப் பாடம். பாடசாலையில் கிறிஸ்தவத்திலிருந்து சைவநெறிக்கோ கத்தோலிக்கத்துக்கோ மாற்ற வேண்டுமானால் அதிபருக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் கொடுப்பது நல்லது. தரம் 9 முடிவதற்குள் மாற்றுங்கள். தரம் 10, 11 இரண்டும் சாதாரண தரத்துக்கான ஒரே பாடத்திட்டம், நடுவில் மாற்றினால் பிள்ளை ஒரு வருடப் பாடத்தைத் தனியே படிக்க வேண்டிவரும். தரம் 10 தொடங்கியிருந்தால் அந்தப் பாடத்திலேயே பரீட்சையை எழுதட்டும்.